காணாமல் போன நாற்காலிக்கு வழி

நாற்காலிக்காக அடித்துக்கொள்வது எல்லா ஊரிலும் நடக்கிற சங்கதிதான். க்ரம்ஃபோர்டில் என்ன விசேஷம் என்றால், அந்த நாற்காலியில் யாருமே உட்காரக் கூடாது.

போரில் தோற்று ஓடிக்கொண்டிருந்த ஒரு ராஜா, எப்போதோ ஒரு மழை நாளில் பெல்டன் ஹால் மாளிகையின் சமையலறைக்குள் புகுந்து, இந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு குவளை பியர் குடித்தார். பிறகு பின்வாசல் வழியாக மறுபடியும் ஓடினார். ராஜாவுக்கும் ஊருக்கும் உள்ள சம்பந்தம் அவ்வளவுதான். அந்த ஒரு குவளையை வைத்துக்கொண்டு ஊர் முந்நூறு வருஷத்துக்கு மேல் பிழைப்பு நடத்துகிறது. நாற்காலி படம் போட்ட பாத்திரம் துடைக்கும் துண்டு, நாற்காலி வடிவத்தில் பிஸ்கட், எல்லாம் உண்டு. லண்டனிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து, மழையில் நனைந்து, கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நாற்காலியை எட்டிப் பார்த்து, "நினைச்சதை விடச் சின்னதா இருக்கே" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். ஒரு நாள் உல்லாசப் பயணம் என்றால் இங்கே அதுதான்.

அந்த நாற்காலி திங்கட்கிழமை, பொது விடுமுறை நாளில், பட்டப்பகலில், ஊரே கூடியிருந்த நேரத்தில் காணாமல் போயிற்று.

இன்று வியாழன். துப்பறியும் ஹெஸ்டர் லாம்பின் பழைய கார், ஊருக்கு வெளியே ரவுண்டானாவில், சுற்றுலா பஸ் ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டு இருமியது. ஹெஸ்டருக்கு ஐம்பது வயது. எதற்கும் அசராத முகம். பக்கத்து சீட்டில் உதவியாளன் ஃபெலிக்ஸ், வாய்க்காகவே மூன்று வேலைகளிலிருந்து துரத்தப்பட்டவன். பின் சீட்டில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வினிஃப்ரெட் டாப்லி.

வினிஃப்ரெட்டுக்கு எழுபத்தொன்று. சம்பளமில்லாமல், சேவையாக, ராஜா நாற்காலி இருக்கும் அறையில் ஒரு மூலையில் உட்கார்ந்து காவல் பார்ப்பவர். நாற்காலி போனதும் பழி நேராக அவர் தலையில்தான் விழுந்தது.

"இன்னொரு தடவை சொல்லுங்க. மெதுவா," என்றாள் ஹெஸ்டர்.

"மன்னிச்சுக்கோம்மா, உனக்குத்தான் எவ்வளவு தொந்தரவு," என்று ஆரம்பித்தார் வினிஃப்ரெட். இந்த ஊரில் நாய் கடித்தாலும் நாயிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் டாக்டரிடம் போவார்கள். "காலையில மழை. ஹாலோட இயக்குநர் க்ரிஸ்பின் லாக்வுட் வந்தார். 'நீங்க போய் டீ குடிச்சுட்டு வாங்க வினிஃப்ரெட், நான் பார்த்துக்கறேன்'னார். நான் போயிட்டு வந்தா அவரும் இல்ல, நாற்காலியும் இல்ல. கயிறு கட்டினபடியே இருக்கு. நாற்காலி மேல வைக்கிற முட்பூ மட்டும் ஜன்னல்ல இருக்கு."

"முட்பூவா?" என்றான் ஃபெலிக்ஸ்.

"காய்ஞ்ச முட்பூப்பா. 'உட்காராதே'ன்னு எழுதி வச்சா மரியாதையா இருக்காது இல்லையா? அதனால ஒரு முள்ளை வச்சிடுவோம். ஜனங்க புரிஞ்சுப்பாங்க."

"புரியாம உட்கார்ந்தா இன்னும் நல்லாப் புரிஞ்சுப்பாங்க."

"க்ரிஸ்பின் இப்ப என்ன சொல்றார்?" என்றாள் ஹெஸ்டர்.

வினிஃப்ரெட் கைப்பையை இன்னும் இறுக்கிக்கொண்டார். "அந்தப் பக்கமே வரலைங்கறார். நான் தூங்கிட்டேனாம். பதினாலு வருஷம் அந்த மூலையில உட்கார்ந்திருக்கேன், ஒரு நாள் கண்ணசந்தது இல்ல. இன்னைக்கு நாலு மணிக்கு நிர்வாகக் குழு கூடுது. என்னை வேலையிலேர்ந்து எடுத்துட்டு, 'காவலரின் கவனக்குறைவு'ன்னு ஊர்ப் பத்திரிகையில போடப் போறாங்க."

"ஊர்ல என்ன பேசறாங்க?"

"ஒண்ணும் பேசலையே! அதாம்மா கொடுமை. சர்ச்சுல பூ வைக்கிற முறைப் பட்டியல்லேர்ந்து என் பேரை எடுத்துட்டாங்க. 'இந்த மாசம் கொஞ்சம் ஓய்வு எடுங்களேன் வினிஃப்ரெட்'னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க."

ஃபெலிக்ஸ் முதல் தடவையாகச் சிரிப்பை நிறுத்தினான். "ஐயோ. அதுக்கு ஜெயிலே தேவலாம்."

"அன்னைக்கு நடந்த ஒரே நல்ல விஷயம் என் நாற்காலிதான்," என்று தன்னைத் தேற்றிக்கொண்டார் வினிஃப்ரெட். "நான் உட்கார்ற நாற்காலி வருஷக்கணக்கா ஆடும். திங்கட்கிழமை ஆடவே இல்ல. யாரோ புண்ணியவான் சரி பண்ணியிருக்காங்க."

முன்னால் நின்ற பஸ் அரை அடி நகர்ந்து மறுபடி நின்றது. ஃபெலிக்ஸ் கழுத்தை நீட்டிப் பார்த்தான். பஸ் வரிசை பெல்டன் ஹால் வாசல் வரைக்கும் நீண்டிருந்தது.

"பாஸ், ஒரு சந்தேகம். நாற்காலி இருந்தப்போ கூட இவ்வளவு கூட்டம் இல்லையே. இல்லாத நாற்காலியை என்னத்தைப் பார்க்கப் போறாங்க?"

"இருந்த இடத்தைப் பார்க்கறாங்கப்பா," என்றார் வினிஃப்ரெட். "கயிறும் தரையும் அப்படியே இருக்கு. அதுக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கறாங்க."

ஹெஸ்டர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். ரவுண்டானாவின் நடுவில் ஏணி போட்டு, இரண்டு ஆட்கள் ஒரு புதுப் பலகையின் கடைசித் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார்கள். சுற்றுலா இடங்களுக்கு வழி காட்டும் பழுப்பு நிறப் பலகை. வெள்ளை எழுத்தில் 'காணாமல் போன நாற்காலி, அரை மைல்' என்று போட்டு, பக்கத்தில் புள்ளி புள்ளியாக ஒரு நாற்காலி வரைந்திருந்தது.

"அழகா வரைஞ்சிருக்கான்," என்றான் ஃபெலிக்ஸ்.

"ஃபெலிக்ஸ், உன் தெருவில ஒரு குழி இருக்குன்னு சொன்னியே."

"இருக்கா? அதுக்கு நாங்க வருஷா வருஷம் பிறந்தநாளே கொண்டாடறோம். மனு கொடுத்து மூணு..." அவன் நிறுத்தினான். பலகையைப் பார்த்தான். ஹெஸ்டரைப் பார்த்தான். "பாஸ். நாற்காலி போனது திங்கட்கிழமை."

"ஆமா."

"இன்னைக்கு வியாழன்."

"ஆமா."

"நம்ம நகராட்சியா? மூணே நாள்லயா?"

"வண்டியைத் திருப்பறேன். வினிஃப்ரெட், உங்களை ஹால்ல இறக்கி விடறோம். குழு கூப்பிடற வரைக்கும் யார்கிட்டயும் மன்னிப்புக் கேட்காம உட்காருங்க."

"முயற்சி பண்றேம்மா. மன்னிச்சுக்கோ," என்றார் வினிஃப்ரெட்.

நகராட்சியில் பலகைகளுக்குப் பொறுப்பான அதிகாரியின் பெயர் ஓட்வே. மேஜைமேல் ஒரு டீக்கோப்பை, ஒரு தொட்டிச் செடி. இரண்டுமே வெகுநாளாக யாரும் தொடாதவை.

"பழுப்புப் பலகை வேணும்னா எவ்வளவு நாளாகும்?" என்றாள் ஹெஸ்டர்.

"அவசரம்னா பதினாலு மாசம்."

"அவசரம் இல்லேன்னா?"

"அவசரம் இல்லேன்னா எதுக்குப் பலகை?" என்றார் ஓட்வே, நியாயமாக.

"ரவுண்டானாவுல இன்னைக்கு வச்ச பலகைக்கு?"

"அதுவா! அது ரொம்ப ஒழுங்கா வந்த விண்ணப்பம். ஒரு தப்பு இல்ல. போன வருஷம் கோடையில கொடுத்தாங்க, இந்த வாரம் வச்சாச்சு."

ஃபெலிக்ஸ் மேஜைமேல் சாய்ந்தான். "சார், போன வருஷம் கோடையில அந்த நாற்காலி காணாமப் போகலையே. நல்லா குத்துக்கல்லாட்டம் இருந்துச்சே. 'காணாமல் போன நாற்காலி'ன்னு பலகை கேட்டா உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?"

ஓட்வேயின் முகம் சுருங்கியது. "தம்பி, எழுத்துப் பிழை இருக்கான்னு பார்ப்போம். நிறம் சரியான்னு பார்ப்போம். அர்த்தம் பார்க்கறது எங்க பிரிவு இல்ல."

"விண்ணப்பிச்சது யாரு?"

"அதை வெளியே சொல்லக் கூடாது. ரகசியம். பொதுவா ஒரு இடத்துக்கு வழி காட்டற பலகையை அந்த இடத்தோட இயக்குநர்தான் கேட்க முடியும். இது எல்லாருக்கும் தெரிஞ்ச விதி, அதனால சொல்றேன். ஆள் யாருன்னு மட்டும் கேட்காதீங்க."

"கேட்கவே மாட்டோம்," என்றாள் ஹெஸ்டர்.

படியிறங்கும்போது ஃபெலிக்ஸுக்கு ஆச்சரியம் அடங்கவில்லை. "பாஸ், கொள்ளையடிக்கப் போறவன் அனுமதி வாங்கிட்டா போவான்?"

"இந்த நாட்டுல போவான். நாற்காலியைத் திருட அவனுக்குத் தைரியம் இருக்கு. அனுமதி இல்லாம ஒரு பலகை நட மட்டும் தைரியம் இல்ல. பலகை எந்த வாரம் வைப்போம்னு நகராட்சி சொன்னதும்தான் திருட்டுக்கு முகூர்த்தம் குறிச்சிருக்கார்."

"அப்போ நேராப் போய்க் குழு முன்னாடி போட்டு உடைச்சிடலாமே."

"உடைச்சா? 'தொலைநோக்குப் பார்வை'ன்னு சொல்லி அதுக்கும் ஒரு பரிசு வாங்கிடுவார். நாற்காலி வேணும் ஃபெலிக்ஸ். திங்கட்கிழமை அதை எப்படி வெளியே கொண்டு போனார்?"

"காருலதான்."

"நீ பொது விடுமுறை அன்னைக்குக் கார் நிறுத்தற இடத்தைப் பார்த்திருக்கியா? மழை பிடிச்சதும் எல்லாரும் ஒரே நேரத்துல கிளம்பியிருப்பாங்க. ஒருத்தருக்கொருத்தர் 'நீங்க முதல்ல போங்க, இல்ல நீங்க முதல்ல போங்க'ன்னு கை காட்டிக்கிட்டே நின்னிருப்பாங்க. மதியம் வரைக்கும் ஒரு வண்டி நகர்ந்திருக்காது. அன்னைக்கு அங்கேர்ந்து நகர்ந்தது ஒண்ணே ஒண்ணுதான்."

ஃபெலிக்ஸ் யோசித்தான். தூரத்தில் பதில் தானாகவே விசிலடித்தது.

பெல்டன் ஹால் புல்வெளியின் அடிவாரத்தில் ஒரு குட்டி ரயில் நிலையம் உண்டு. என்றைக்கோ மூடிப்போன பாதையை, ஓய்வுபெற்ற கணக்காளர்களும் பல் டாக்டர்களும் சேர்ந்து மறுபடி திறந்து, கரி வண்டி ஓட்டுகிறார்கள். இங்கிருந்து கிளம்பி, எங்கேயும் போகாமல், ஆறு மைல் தள்ளி ஓல்ட் மில் என்ற இடத்தில் நின்று திரும்பி வரும் வண்டி அது. கண்ணில் கரி விழுந்தால் குழந்தைகள் அழும். அப்பாக்கள் ஆனந்தத்தில் அழுவார்கள்.

டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால், பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டில், முன்னாள் கணக்காளர் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"திங்கட்கிழமை க்ரிஸ்பின் லாக்வுட் வந்தாரா?" என்றாள் ஹெஸ்டர்.

"வந்தாரே. கம்பளி சுத்தின ஒரு பெரிய சாமானோட வந்தார். அதுக்கு டிக்கெட் வேணுமான்னு அவரே கேட்டார். பாருங்க, அவரே! இந்தக் காலத்துல யாரு கேட்கறா?"

"சாமானுக்கு டிக்கெட் உண்டா?"

"சாமானுக்குன்னு இல்ல. கீழே நாலு கால் தெரிஞ்சது. நாலு கால்னா எங்க விதிப்படி நாய் டிக்கெட்."

ஃபெலிக்ஸ் திரும்பி நின்றுகொண்டான். அவன் தோள் குலுங்கியது.

"நாய் திரும்பி வந்துச்சா?" என்றாள் ஹெஸ்டர், கொஞ்சமும் சிரிக்காமல்.

"இல்லையே. அவருக்குப் போக வர டிக்கெட். நாய்க்குப் போக மட்டும்."

அவ்வளவுதான். அடுத்த வண்டியில் இருவரும் ஏறிக்கொண்டார்கள்.

ஓல்ட் மில்லில் பார்க்க மில் கிடையாது. அது இடிந்து வெகுகாலம் ஆகிவிட்டது. மில் இருந்த இடத்தில் ஒரு டீக்கடை. அங்கே ஒரு நாற்காலி போல இன்னொரு நாற்காலி இருக்காது. யார் வீட்டுப் பரணிலோ கிடந்ததையெல்லாம் பொறுக்கிப் போட்டு, அதற்குப் 'பழமையின் அழகு' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். கடை நிரம்பி வழிந்தது. வெளியே மழையில், தட்டில் கேக்கை ஏந்திக்கொண்டு ஏழெட்டுப் பேர் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கேக் ஊறிப்போயிருந்தது.

உள்ளே மூலையில் ஒரு மேஜை மட்டும் காலி. மேலே ஒரு சின்ன அட்டை: 'ஒதுக்கப்பட்டது.'

"எவ்வளவு நாளா ஒதுக்கியிருக்கு?" என்று கேட்டாள் ஹெஸ்டர்.

கடைக்காரம்மா கையைத் துடைத்தார். "திங்கட்கிழமையிலேர்ந்து."

"யாருக்கு?"

"தெரியலையே. அட்டை இருந்துச்சு. சரி, யாரோ வருவாங்கன்னு விட்டுட்டோம்."

"மூணு நாளா யாரும் வரலையே. நீங்க எடுத்துப் பார்க்கலையா?"

"எடுத்ததுக்கப்புறம் வந்துட்டாங்கன்னா?" என்றார் அவர். அந்த நினைப்பிலேயே அவர் முகம் வெளுத்தது.

ஃபெலிக்ஸ் மேஜைக்கு அடியிலிருந்து நாற்காலியை இழுத்தான். கறுத்த ஓக் மரம், நேரான முதுகு, அலங்காரம் எதுவும் இல்லை. சமையலறை நாற்காலி. டீக்கடையில் பேச்சு நின்றது. இரண்டு பேர் ஒரு நாற்காலியைக் கடத்திக்கொண்டு போகிறார்கள் என்பதற்காக அல்ல. ஒதுக்கப்பட்ட மேஜையைத் தொட்டுவிட்டார்களே என்பதற்காக.

ஹெஸ்டர் நாற்காலியின் பலகையைத் தடவிப் பார்த்தாள். "நடுவுல நல்லாத் தேய்ஞ்சிருக்கு."

"ராஜா கனத்த ஆளா இருந்திருப்பார் பாஸ்."

"ஒரே ஒரு குவளை பியர்தானே குடிச்சார்," என்றாள் ஹெஸ்டர். உயர்ந்த புருவம் இறங்கவில்லை.

திரும்புகிற வண்டியில் ஃபெலிக்ஸ் மெதுவாகக் கேட்டான்: "இதுக்கும் நாய் டிக்கெட் வாங்கணுமா?"

"வாங்கு," என்றாள் ஹெஸ்டர்.

அவர்கள் வந்து சேர்ந்தபோது குழு கூடியிருந்தது. காலி இடத்தைப் பார்க்க வந்த வரிசை சமையலறை வாசலில் தொடங்கி, புல்வெளியைச் சுற்றி, குளத்தைச் சுற்றி, மறுபடி தன் வாலையே பிடித்துக்கொண்டு நின்றது. வாலைப் பிடித்தவர்கள் எதற்கு நிற்கிறோம் என்று கேட்காமல் நின்றார்கள்.

சமையலறையை அடுத்த அறையில் நீண்ட மேஜை. அதன் தலைப்பக்கத்தில் மாளிகையின் சொந்தக்காரி லேடி பெல்டன், ஆகிருதியான பெண்மணி, மடியில் ஒரு கொழுத்த நாய்க்குட்டி. பக்கத்தில் குழுவினர் நாலு பேர். வழுவழுப்பான முகத்தோடு, ஸ்வெட்டரைத் தோளில் போட்டுக் கைகளை மார்பில் முடிந்துகொண்டு இயக்குநர் க்ரிஸ்பின் லாக்வுட். மேஜையின் கடைசியில், உட்கார இடமில்லாமல், வினிஃப்ரெட் நின்றுகொண்டிருந்தார். எழுபத்தொரு வயதுப் பெண்மணியை நிற்க வைத்துவிட்டு அவருடைய கவனக்குறைவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"...எல்லாருக்கும் வருத்தம்தான்," என்று க்ரிஸ்பின் முடித்துக்கொண்டிருந்தார். "வயசானா கண் அசர்றது சகஜம். நாம அவங்களைக் குறை சொல்லல. ஆனா வேற வழியில்ல."

ஹெஸ்டர் கதவைத் தட்டவில்லை. ஃபெலிக்ஸ் கம்பளி சுற்றிய நாற்காலியைக் கொண்டுவந்து மேஜைக்கு முன்னால் வைத்தான்.

"கம்பளியை எடுக்கலாமா மிஸ்டர் லாக்வுட்? இல்ல, நாயை எழுப்பக் கூடாதா?" என்றாள் ஹெஸ்டர்.

ஃபெலிக்ஸ் கம்பளியை உருவினான். க்ரிஸ்பினின் வழுவழுப்பு ஒரே நொடியில் கலைந்தது.

ஹெஸ்டர் நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். போன வருஷமே கேட்ட பலகை. ஒரு வழி நாய் டிக்கெட். மூன்று நாளாக யாரும் தொடாத மேஜை. வினிஃப்ரெட்டை டீ குடிக்க அனுப்பிய கைதான் கயிற்றைத் தாண்டிய கை.

"நாய் டிக்கெட் வாங்காம போயிருக்கலாம்," என்றார் க்ரிஸ்பின், தரையைப் பார்த்து.

"உங்களால முடியாது. நீங்க வளர்ந்த விதம் அப்படி."

"யாருக்காகப் பண்ணேன்? இந்த ஹாலுக்காகத்தான்!" குரலில் இப்போது நிஜமான ஆற்றாமை இருந்தது. "நாற்காலி இருந்தப்போ வந்து பார்த்துட்டு 'சின்னதா இருக்கே'ன்னாங்க. இல்லேன்னதும் 'எவ்வளவு பெருசா இருந்திருக்கும்'னு வாயைப் பிளக்கறாங்க! வெளியே போய் வரிசையைப் பாருங்க!"

"அதுக்கு வினிஃப்ரெட்டைப் பலி கொடுத்தீங்க."

"அவங்க சண்டைக்கு வர மாட்டாங்கன்னு நினைச்சேன்," என்றார் க்ரிஸ்பின். அவர் அன்று சொன்ன முழு உண்மை அது ஒன்றுதான். ஹெஸ்டருக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது.

வினிஃப்ரெட் யாரையும் கவனிக்கவில்லை. நாற்காலியை நெருங்கினார். மேல்விளிம்பில் ஒரு விரலை வைத்து லேசாக அழுத்தினார். அது டக் டக்கென்று ஆடியது.

"மன்னிக்கணும், லேடி," என்றார். "இது ராஜா நாற்காலி இல்ல."

"என்னது?" என்றார் க்ரிஸ்பின்.

"இது என்னோடது. நான் உட்கார்றது. ரெண்டும் பார்க்க ஒண்ணு போலத்தான் இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலி கண்ணை உறுத்துதுன்னு நீங்கதானே சார் அதே மாதிரி ஒண்ணு பண்ணி எனக்குப் போட்டீங்க? ஞாயிற்றுக்கிழமை தரைக்கு மெழுகு போட ரெண்டையும் வெளியே எடுத்தாங்க. திரும்ப வைக்கிறப்போ..."

ஹெஸ்டர் முடித்தாள். "எது பழசா இருக்குன்னு பார்த்து, அதுல முட்பூவை வச்சிருக்காங்க. ராஜா உட்கார்ந்தது ஒரே ஒரு தடவை. அதுக்கப்புறம் யாரையும் உட்கார விடல. அது புதுசு மாதிரி இருக்கு. வினிஃப்ரெட் பதினாலு வருஷம் தினம் உட்கார்ந்தாங்க. தேய்ஞ்சது இவங்க நாற்காலிதான். மிஸ்டர் லாக்வுட் முள் இருந்த நாற்காலியைத் திருடிட்டுப் போயிட்டார்."

"அதான் திங்கட்கிழமை ஆடலையா!" என்றார் வினிஃப்ரெட். மறுகணம் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, நான் அப்போ எதுல உட்கார்ந்திருந்தேன்?"

"அது இப்ப எங்கே?" என்று அலறினார் க்ரிஸ்பின்.

குழுவில் ஒருவர் இருமினார். "மூலையில ஒரு நாற்காலி சும்மா கிடந்துச்சு. வினிஃப்ரெட்டுக்கு இனி வேண்டியிருக்காதேன்னு... கூட்டத்துக்கு ஒண்ணு குறைஞ்சது... எடுத்துட்டு வந்து..."

அவர் பார்வை மேஜையின் தலைப்பக்கம் போனது. எல்லார் பார்வையும் போனது. லேடி பெல்டன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கீழே, முந்நூறு வருஷத்துக்கு மேல் யாரும் உட்காரத் துணியாத ஓக் மரம் ஒரு தடவை கிறீச்சென்றது.

அந்த அறையில் அத்தனை பேருக்கும் ஒரே விஷயம்தான் மனதில். எழுந்திருங்கள் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஒருவர் ஜன்னலைப் பார்த்து, மழை விடாது போலிருக்கிறதே என்றார்.

"லேடி," என்றான் ஃபெலிக்ஸ், "எழுந்திருங்க. ராஜா கூட பியர் முடிஞ்சதும் எழுந்துட்டார்."

லேடி பெல்டன் எழுந்தார். நாய்க்குட்டியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். வம்சாவளியாக வந்த நிதானத்தோடு, எதுவுமே நடக்காததைப் போல நடந்துகொண்டார்.

"வினிஃப்ரெட், உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நாளையிலேர்ந்து பழையபடி வாங்க. க்ரிஸ்பின் கொஞ்ச நாள் லீவுல போவார். ஆனா நாற்காலி..." அவர் ஜன்னலுக்கு வெளியே வரிசையைப் பார்த்தார். "கொஞ்ச காலம் காணாமப் போனதாவே இருக்கட்டுமே. பலகை வேற வச்சாச்சு."

"பலகையை எடுக்கணும்னாலும் விண்ணப்பிக்கணும்," என்றார் குழுவில் இன்னொருவர்.

"யாரு தொலைச்சதுன்னு ஜனங்க கேட்டா?" என்றார் வினிஃப்ரெட்.

"விசாரணை நடக்குதுன்னு சொல்வோம்."

"அதுவரைக்கும் நான் தூங்கினவளாவே இருக்கணும்."

"வாய்விட்டு யாரும் சொல்ல மாட்டாங்க வினிஃப்ரெட்," என்றார் லேடி பெல்டன், அன்பாகவே.

"அதுதான் லேடி கொல்லுது," என்றார் வினிஃப்ரெட்.

அவர் குனிந்து ராஜா நாற்காலியைத் தூக்கினார். ஃபெலிக்ஸ் கை கொடுக்கப் போனான். ஹெஸ்டர் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். வினிஃப்ரெட் நாற்காலியை மார்போடு அணைத்துக்கொண்டு, அடியெடுத்து அடியெடுத்து, சமையலறைக்குள் போனார். கயிற்றைத் தாண்டினார். காலி இடத்தில் அதை வைத்தார். பிறகு வாசலுக்கு வந்து வரிசையின் முன்னால் நின்றார்.

வரிசையின் தலையில், வெளியூரிலிருந்து வந்த தங்கை குடும்பத்துக்குக் காலி இடத்தைக் காட்டுவதற்காக, வினிஃப்ரெட்டின் பக்கத்து வீட்டு டாஃப்னி குடையோடு நின்றிருந்தார். சர்ச்சில் பூ வைக்கும் முறைப் பட்டியலைப் போடுகிறவர் அவர்தான்.

"நாற்காலி கிடைச்சிருச்சு," என்றார் வினிஃப்ரெட். குரல் குளத்தைச் சுற்றி நின்றவர்கள் வரைக்கும் கேட்டது. "எடுத்தது இயக்குநர். நான் தூங்கல. ஒரு நாளும் தூங்கினது இல்ல."

மழையில் வரிசையின் குடைகளெல்லாம் அவர் பக்கம் திரும்பின.

"வினிஃப்ரெட்!" என்று டாஃப்னி பதறினார். "நாங்க அப்படியெல்லாம் நினைக்கவே இல்லையே!"

"நினைச்சீங்க, டாஃப்னி."

க்ரம்ஃபோர்டில் அண்டை வீட்டுக்காரர்கள் ஒருவரிடம் ஒருவர் இப்படிப் பேசுவது வழக்கமே இல்லை. வரிசையில் ஒரு மனுஷர் தொப்பியைக் கழற்றி, என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பப் போட்டுக்கொண்டார். டாஃப்னி சிரிக்கப் பார்த்தார். அது வரவில்லை. வானிலையைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதுவும் வரவில்லை. வினிஃப்ரெட் நகராமல், மன்னிப்புக் கேட்காமல், அப்படியே நின்றார்.

டாஃப்னி குடையை மடக்கினார். தலையில் மழை விழுந்தது.

"ஆமா வினிஃப்ரெட்," என்றார். "நினைச்சேன்."